மனச்சிதைவும் மூளையின் வேதியியலும்: நாம் தொடங்கக்கூடிய ஓர் ஆய்வு

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தான் என்றோர் ஊர் இருக்கிறது. 1911ஆம் ஆண்டு அங்கே ஒரு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறிப் பல்லாண்டுகள் ஆன பின்பும் நம்மவர் பேச்சில் அந்த ஊர்ப்பெயர் ஏசலாகவே நிற்கிறது. "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று விடுதி அறையில் சிரித்துக்கொண்டே சொல்லாத மாணவர் நம்மில் குறைவு. சிங்கப்பூரில் உட்பிரிட்ஜ் என்ற சொல்லுக்கு நெடுங்காலம் இதே கதிதான்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நிற்கும் நோய்களுள் தலையாயது மனச்சிதைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் பேருக்கு, அதாவது 300 பேரில் ஒருவருக்கு, இந்நோய் உண்டு. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. எஸ்டிபிஎம் தேர்வு எழுதும் வயது, பட்டப்படிப்பு முடிக்கும் வயது, முதல் வேலைக்குப் போகும் வயது. ஆகவே இது முதியோர் இல்லத்துச் செய்தி அன்று. நம் விரிவுரை மண்டபத்துச் செய்தி.

இக்கட்டுரையின் நோக்கம் இரண்டு. இந்நோய்க்கும் மூளையின் வேதிப்பொருள்களுக்கும் உள்ள உறவைப் பற்றி இன்றுவரை அறியப்பட்டதைத் தமிழில் சொல்வது ஒன்று. அந்த அறிவில் இன்னும் திறந்து கிடக்கும் இடம் ஒன்றில், தமிழும் அறிவியலும் தெரிந்த மாணவர்களால் மட்டுமே செய்யக்கூடிய ஓர் ஆய்வை முன்மொழிவது மற்றொன்று.

பெயரில் தொடங்கும் குழப்பம்

சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் 1908இல் இந்நோய்க்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயரிட்டார். பிளவுற்ற மனம் என்பது அதன் கிரேக்கப் பொருள். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையிலான இணைப்பு தளர்வதையே அவர் பிளவு என்றார். ஓர் உடலில் இரண்டு ஆள்கள் குடியிருப்பதை அன்று. 2005இல் வெளிவந்த 'அந்நியன்' படத்தில் வருவது பல ஆளுமைக் கோளாறு. அதற்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பில்லை. ஆனால் படம் பார்த்தவர்களிடம் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

ஜப்பானியர் 2002இல் தங்கள் மொழியில் இந்நோயின் பெயரையே மாற்றினர். மனம் பிளந்த நோய் என்றிருந்தது, ஒருங்கிணைவு குலைந்த நோய் என்றாயிற்று. அதற்குமுன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளிடமே மருத்துவர்கள் நோயின் பெயரைச் சொல்லிவந்தார்கள். 2004இல் அது மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது. கொரியர் 2011இல் நரம்பிசைக் கருவியைச் சுருதி கூட்டும் செயலிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டனர். சுருதி விலகிய வீணையை மீண்டும் கூட்டிவிடலாம் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. நாமோ 'சிதைவு' என்கிறோம். சிதைந்த கட்டடத்தை யாரும் செப்பனிடுவதில்லை. இந்தச் சொல்லைப் பற்றி ஒரு மொழிக் கழகம் யோசித்தால் தவறில்லை. இக்கட்டுரையில் வழக்கில் உள்ள சொல்லையே பயன்படுத்துகிறேன்.

நோயின் அறிகுறிகள் மூன்று வகைப்படும். இல்லாதது தோன்றுவது முதல் வகை: ஆளில்லா இடத்தில் குரல் கேட்பது, பக்கத்து வீட்டார் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது போன்றவை. இருந்தது குறைவது இரண்டாம் வகை: பேச்சு சுருங்கும், முகத்தில் உணர்ச்சி மங்கும், குளிக்கவும் நண்பரைப் பார்க்கவும்கூட மனம் எழாது. வீட்டார் இதைச் சோம்பேறித்தனம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் ஆகியவை தளர்வது மூன்றாம் வகை. ஒருவர் மீண்டும் படிக்கவோ வேலைக்குப் போகவோ முடியுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த மூன்றாம் வகைதான். நம் ஆய்வும் அதைப் பற்றியதே.

ஒரு வேரும் ஒரு முயலும்

மனச்சிதைவுக்கான மருந்து வரலாற்றைப் பாரிஸிலிருந்து தொடங்குவது வழக்கம். பிரெஞ்சுக் கடற்படை அறுவை மருத்துவர் ஹென்றி லபோரி, அறுவை அதிர்ச்சியைக் குறைக்கக் குளோர்ப்ரோமசின் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் தூங்காமலேயே அமைதியாக, எதையும் பெரிதுபடுத்தாதவர்களாக இருப்பதைக் கவனித்தார். 1952இல் சான்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தனர். ஆண்டுக்கணக்கில் தம்முள் முடங்கிக் கிடந்தவர்கள் பேசத் தொடங்கினர்.

ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1931இல், கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் சர்ப்பகந்தா வேரைப் பித்து நிலைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதியிருந்தனர். அவ்வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தது. பக்கவிளைவுகள் மிகுதி என்பதால் மனநோய்க்கு அது நிலைக்கவில்லை. "எல்லாம் நம் முன்னோருக்கு முன்பே தெரியும்" என்று மார்தட்டும் கட்டுரையாக இதை ஆக்க நான் விரும்பவில்லை. ஏன் வேலை செய்கிறது என்பது கல்கத்தாவிலும் தெரியாது, பாரிஸிலும் தெரியாது. தெரியவைத்தது ஒரு முயல்.

சுவீடனைச் சேர்ந்த ஆர்வித் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். காது தொங்க, அசைவின்றி அவை கிடந்தன. பிறகு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. எல்-டோபா மூளைக்குள் டோபமைனாக மாறும். அதுவரை டோபமைன் என்பது வேறொரு பொருளைத் தயாரிக்கும் வழியில் வரும் இடைப்பொருள் என்றே பலரும் எண்ணியிருந்தனர். அதுவே ஒரு செய்தியாளர் என்பது இங்கே வெளிப்பட்டது. பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சையும் இதே கண்டுபிடிப்பின் கிளைதான். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

1963இல் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்குவிஸ்டும் இன்னொரு புதிரைக் கண்டனர். குளோர்ப்ரோமசின் கொடுத்த எலிகளின் மூளையில் டோபமைனின் அளவு குறையவில்லை. அதன் சிதைபொருள்கள் கூடியிருந்தன. செய்தி போய்ச் சேரவில்லை என்பதால் அனுப்புபவர் மேலும் மேலும் அனுப்புகிறார் என்று அவர்கள் ஊகித்தார்கள். அதாவது மருந்து தபால்காரரை நிறுத்தவில்லை, வீட்டுத் தபால் பெட்டியை அடைத்துவிட்டது. அந்தப் பெட்டியைத்தான் 'ஏற்பி' என்கிறோம். 1975, 1976ஆம் ஆண்டுகளில் டொரொன்டோவில் பிலிப் சீமனும் அமெரிக்காவில் சாலமன் ஸ்னைடரும் தனித்தனியே இதை உறுதிப்படுத்தினர். ஹாலோபெரிடோல் நாளொன்றுக்குச் சில மில்லிகிராம் போதும். குளோர்ப்ரோமசின் சில நூறு மில்லிகிராம் வேண்டும். ஏன் இந்த வேறுபாடு? ஒவ்வொரு மருந்தும் டி2 வகை டோபமைன் ஏற்பியை எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ அவ்வளவுக்கு அதன் தேவை குறைகிறது. சோதனைக்குழாய் அளவையும் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அளவையும் ஒரே வரைபடத்தில் இட்டால், புள்ளிகள் ஏறத்தாழ ஒரு கோட்டில் விழுகின்றன.

டோபமைன் அணுக்கள் மூளையில் மிகச் சிலவே. சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் அவை சில இலட்சம் மட்டுமே. ஆனால் அவற்றின் கிளைகள் பல திசைகளில் செல்கின்றன. மருந்துக்குத் திசை தெரியாது. அசைவுகளை நடத்தும் பாதையிலும் டி2 ஏற்பிகளை அது அடைக்கும்போது கைகால் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. பிட்யூட்டரி சுரப்பிக்குச் செல்லும் பாதையை அடைக்கும்போது மாதவிலக்கு தடைப்படுகிறது, குழந்தை பெறாத பெண்ணுக்கும் மார்பில் பால் சுரக்கிறது. "மருந்து சாப்பிட்டுத்தான் இப்படி மரக்கட்டை ஆயிட்டான்" என்று ஒரு தாய் சொன்னால் அது முழுக்க அறியாமை அன்று. பிற்காலத்தில் பெட் எனப்படும் மூளைப் படமெடுப்பு வந்தபோது, டி2 ஏற்பிகளில் 65 விழுக்காடு அளவு அடைபட்டால் பலன் தெரிகிறது என்றும், 80 விழுக்காட்டை நெருங்கினால் விறைப்பு தொடங்குகிறது என்றும் அளந்தார்கள். மருத்துவர் நடக்க வேண்டிய பாதை அவ்வளவு ஒடுங்கியது.

சரி, டோபமைன் மிகுந்தால் ஏன் குரல் கேட்க வேண்டும்? 2003இல் சித்திஜ் கபூர் வைத்த விளக்கம் எனக்குப் பிடித்தது. 'இது முக்கியம், கவனி' என்று ஒன்றின்மேல் முத்திரை குத்துவது டோபமைனின் பணிகளுள் ஒன்று. முத்திரை கண்டபடி விழுந்தால் பேருந்தின் எண், எதிரே வந்தவர் இருமியது, நாளிதழில் ஒரு தலைப்பு என எல்லாமே தன்னைக் குறிப்பதாகத் தோன்றும். மனம் அவற்றைக் கோத்து ஒரு கதை கட்டும். மருந்து முத்திரை குத்துவதைத் தணிக்கிறது. ஏற்கெனவே கட்டிய கதையை அழிப்பதில்லை. அதனால்தான் மருந்து தொடங்கிய மறுநாளே ஐயம் நீங்குவதில்லை. அந்தக் கதை தளர வாரங்கள் ஆகும். வீட்டில் நோயாளியோடு விடிய விடிய வாதாடுகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

நலமான பின் மருந்து எதற்கு என்ற கேள்வியும் வீடுதோறும் எழுவதுதான். ஹாங்காங்கில் முதல்முறை நோயுற்றுத் தேறிய 178 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 41 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 79 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. மருந்து எடுத்தவர்களிலும் ஐவரில் இருவருக்குத் திரும்பியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குளோசப்பின்

நான்கில் ஒருவருக்காவது வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. அவர்களுக்கென இருப்பது குளோசப்பின். 1975இல் பின்லாந்தில் இம்மருந்தை உட்கொண்ட சிலரின் வெள்ளையணுக்கள் அற்றுப்போய் 8 பேர் இறந்தனர். பல நாடுகளில் மருந்து முடங்கியது. ஆனால் அதைக் கொடுத்துப் பார்த்த மருத்துவர்கள் மறக்கவில்லை. 1988இல் ஜான் கேன் குழுவினர், வேறு மருந்துகளுக்கு இணங்காத 268 பேரிடம் ஆறு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தனர். குளோர்ப்ரோமசினால் தேறியவர் 4 விழுக்காடு. குளோசப்பினால் 30 விழுக்காடு. அடுத்த ஆண்டே அமெரிக்காவில், இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடு, அனுமதி கிடைத்தது.

விந்தை என்னவென்றால், டி2 ஏற்பியைக் குளோசப்பின் தளர்வாகவே பற்றுகிறது. டோபமைன்தான் எல்லாம் என்றால் இது மிக மட்டமான மருந்தாக இருந்திருக்க வேண்டும். ஏன் இது மற்றவற்றை வெல்கிறது என்பதற்கு இன்றுவரை முழுமையான விடை இல்லை.

குளோசப்பினை உடைக்கும் கல்லீரல் நொதியை வெண்சுருட்டுப் புகை தூண்டிவிடும். புகைப்பவரின் இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும். அவர் மருத்துவமனையில் சேர்ந்து புகைக்காமல் இருந்தால், அதே மாத்திரையில் அளவு ஏறி நச்சாகலாம். கோப்பி இதற்கு நேர்மாறு. அதிலுள்ள காஃபின் அதே நொதிக்குப் போட்டியிடுவதால் மருந்தின் அளவு ஏறும். காலையில் நாலு கிளாஸ் கோப்பி குடிக்கும் மாமாவுக்கும் குடிக்காதவருக்கும் ஒரே மாத்திரை ஒரே வேலையைச் செய்யாது. மேலும் குளோசப்பினும் ஓலன்சப்பினும் உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றுபவை. மலேசியாவில் நீரிழிவு மிகுதியாக உள்ள இனம் நம்முடையது என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவருகின்றன. மனம் தேறிய மகன் நாற்பது வயதில் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போவது தேறுதல் ஆகாது.

டோபமைனுக்கு அப்பால்

1950களில் மயக்க மருந்தாக உருவாக்கப்பட்ட பிசிபி, அதன் தம்பியான கெட்டமின் ஆகிய இரண்டும் குளுட்டமேட் என்ற கடத்தியின் என்எம்டிஏ ஏற்பியை அடைப்பவை. நலமானவருக்குக் கொடுத்தால் பிரமை மட்டுமன்றி, உணர்ச்சி மங்கலும் நினைவுக் குழப்பமும் சேர்ந்தே சில மணி நேரம் வருகின்றன. அம்ஃபெட்டமினால் டோபமைனை மட்டும் ஏற்றினால் பெரும்பாலும் முதல் வகை அறிகுறிகளே தெரியும். ஆக, கதையில் குளுட்டமேட்டுக்கும் இடமுண்டு. 2007இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் விவரித்த ஒரு நோயில், உடலின் எதிர்ப்புப் புரதங்களே இந்த ஏற்பியைத் தாக்குகின்றன. பெரும்பாலும் இளம்பெண்கள். திடீரென்று பிதற்றலும் வலிப்பும் விசித்திர அசைவுகளும் வரும். பேய் பிடித்தது என்று கோயில் கோயிலாக அலைய எல்லாப் பொருத்தமும் உள்ள நோய். நோயெதிர்ப்புச் சிகிச்சை காலத்தில் கிடைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். ஆகவே திடீரென நேர்ந்த மாற்றம் எதுவானாலும் முதலில் மருத்துவமனை.

குளுட்டமேட்டைக் குறிவைத்த மருந்துகளின் வரலாறு மட்டும் சோகமானது. பொமாகுளுமெட்டட் 2012இலும் பிட்டோபெர்ட்டின் 2014இலும் பெரிய சோதனைகளில் தோற்றன. நினைவையும் கவனத்தையும் மேம்படுத்தும் என்று எதிர்பார்த்த ஐகிளெப்பெர்ட்டின் 2025 சனவரியில் தோற்றது.

வெற்றி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. சானோமெலின் என்ற மருந்து 1990களில் அல்சைமர் நோய்க்காகச் சோதிக்கப்பட்டது. நோயாளிகளின் பிரமைகள் குறைந்தன. ஆனால் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் தாளவில்லை. மூளைக்குள் நுழையாத, வயிற்றில் மட்டும் அதன் வேலையைத் தடுக்கும் டிராஸ்பியம் என்ற பழைய மருந்தோடு அதைச் சேர்த்தால் என்ன என்று பின்னாளில் ஒருவர் கேட்டார். இரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. டி2 ஏற்பியைத் தொடாத முதல் மனச்சிதைவு மருந்து இது. அசிட்டைல்கோலின் என்ற கடத்தியின் எம்1, எம்4 ஏற்பிகளைத் தூண்டுகிறது. இதே வழியில் வந்த எம்ராக்ளிடின் அதே ஆண்டு நவம்பரில் தோற்றது என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நம் மருந்துச் சீட்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். பழைய மருந்துகளால் கைகால் விறைக்கும்போது பென்செக்ஸால் சேர்த்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். பென்செக்ஸால் அசிட்டைல்கோலின் ஏற்பிகளை, குறிப்பாக எம்1ஐ, அடைக்கிறது. புதிய மருந்து தூண்ட விரும்பும் அதே ஏற்பியைப் பழைய மாத்திரை பூட்டுகிறது. அதனால் நினைவாற்றல் மங்கும் என்பது தெரிந்ததே. குளோசப்பினுக்கும் அந்தக் குணம் உண்டு. ஆனால் அது உடலில் உடைந்து உண்டாகும் நார்குளோசப்பின் எம்1ஐத் தூண்டுகிறது. இவ்விரண்டின் விகிதம் நினைவாற்றலோடு தொடர்புடையது என்று சில ஆய்வுகள் கூறின. ஒரே இரத்த மாதிரியில் இரண்டையும் அளக்கலாம்.

ஆய்வு முன்மொழிவு

ஆகவே கேள்வி இது: தமிழ் பேசும் நோயாளியின் நினைவும் கவனமும் அவர் உட்கொள்ளும் மருந்துகளின் அசிட்டைல்கோலின் எதிர்ப்புச் சுமையோடு எவ்வளவு தொடர்புடையவை? மருந்துச் சீட்டிலிருந்து சுமையைக் கணக்கிடலாம். இரத்தத்தில் விகிதத்தை அளக்கலாம். நினைவாற்றலை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் சிக்கல். வேதியியல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், மறுமுனையில் இருக்கும் அளவுகோல் கோணலானால் ஆய்வும் கோணல்தான்.

இலக்க நினைவுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 7, 2, 9, 4 என்று சொல்லி அப்படியே திரும்பச் சொல்லச் சொல்வார்கள். சீன மொழியில் இலக்கங்கள் ஓரசைச் சொற்கள். சட்டென்று சொல்லி முடிக்கலாம், ஆகவே அதிக இலக்கங்கள் நினைவில் நிற்கின்றன. இது முன்பே நிறுவப்பட்டது. நமக்கோ 'இரண்டு', 'நான்கு', 'ஒன்பது'. 'ரெண்டு', 'நாலு' என்று பேச்சுத் தமிழில் சொன்னால் மதிப்பெண் மாறுமா? இன்னும் ஒன்று. மலேசியாவில் 2003இலிருந்து கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2012இலிருந்து அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. அந்த ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளிக்குப் போனவர் மனத்துக்குள் எந்த மொழியில் எண்ணுகிறார்? அவருடைய அண்ணன்? அப்பா? ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று மொழிகள் இருக்கக்கூடும்.

சொல்வளச் சோதனை இதைவிடச் சுவையானது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்வார்கள். தமிழில் 'ப' என்று சொன்னால், 'பால்' சேருமா? 247 எழுத்துகளை ஓதிப் படித்தவருக்குப் 'பல்' வேறு எழுத்து, 'பால்' வேறு எழுத்து. தேசியப் பள்ளியில் படித்தவருக்கு இரண்டும் ஒன்றே. முன்னவர் ஒன்பது சொல்லோடு நிற்பார், பின்னவர் பதினெட்டு சொல்லக்கூடும். இந்த வேறுபாட்டுக்கும் மூளை நோய்க்கும் தொடர்பே இல்லை.

பேச்சையே ஆராயும் முறையும் வளர்ந்துவருகிறது. பேச்சின் கோவை எங்கே அறுகிறது என்பதைக் கணினி கொண்டு அளந்து, யாருக்கு நோய் முற்றும் என்று முன்னறிய முயல்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சில். "வந்தான். பார்த்தேன். போயிட்டான்" என்று எழுவாயே இல்லாமல் நாம் பேசுவது முழு நலத்துடன் பேசும் பேச்சு. "பஸ்ஸுல ஏறி பசார்ல இறங்குனேன்" என்ற வாக்கியத்தில் மூன்று மொழிகள் உண்டு. ஆங்கிலத்தில் பழகிய கணினி இதை எப்படி மதிப்பிடும்?

என் பரிந்துரை, முதலாண்டில் நோயாளி ஒருவரையும் அணுகாமல் இருப்பது. நலமான தமிழர்களிடம் மட்டும், வயது, பள்ளி வகை, எண்ணும் மொழி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, இலக்கம், சொற்பட்டியல், சொல்வளம் ஆகிய மூன்று சோதனைகளைச் செய்து சராசரி அளவுகளைத் திரட்டுவோம். தமிழ்த் துறை மாணவர் சொற்களைத் தேர்வார், உளவியல் மாணவர் சோதனையை நடத்துவார், புள்ளியியல் மாணவர் கணக்கிடுவார். தமிழ்க் கழகம் ஒன்றைத் தவிர இம்மூவரும் சந்திக்கும் இடம் பல்கலைக்கழகத்தில் வேறு எது? இரண்டாம் ஆண்டில் மனநல மருத்துவர் ஒருவரின் தலைமையில், வெளிநோயாளி மருத்துவகத்தில், வழக்கமாக எடுக்கும் இரத்தத்தோடு நம் சோதனையை இணைக்கலாம். புகை, கோப்பி, எடை, சர்க்கரை ஆகியவற்றையும் குறித்தால் செலவு கூடாது. பயன் கூடும்.

நம்மவர் பங்குகொண்ட ஆய்வுகள் இத்துறைக்கு என்ன தரும் என்பதற்குச் சென்னையே சான்று. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து ஏறத்தாழ 3,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். உலகளாவிய ஆய்வுகள் 2022இல் மரபணுத் தொகுதியில் 287 இடங்களைச் சுட்டியிருக்கின்றன. ஆனால் அவற்றில் பங்கேற்றோர் பெரும்பாலும் ஐரோப்பியர், அடுத்துக் கிழக்காசியர். சென்னை ஆய்வு, வைட்டமின் பி3ஐக் கையாளும் மரபணு ஒன்றைச் சுட்டியது. முடிந்த முடிபு அன்று, பிறர் உறுதிசெய்ய வேண்டியது. 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் தான்யா லூர்மன் குழுவினர் கலிபோர்னியா, கானா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது பேரிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி வினவினர். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோர் கேட்டது உறவினரின் குரலை. சமைக்கச் சொல்லும், குளிக்கச் சொல்லும், திட்டும். கலிபோர்னியாவினருக்கு அவை பெரும்பாலும் முன்பின் அறியாத, வன்முறை பேசும் குரல்கள். டி2 ஏற்பி எங்கும் ஒன்றே. குரல் மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

மரபணு என்றதும் திருமணப் பேச்சு நினைவுக்கு வருவது இயல்பு. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிலும் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது பாதிப் பேருக்கும் குறைவாகவே. பெண் பார்க்கப் போகும் இடத்தில் பரம்பரை நோய் என்று ஒதுக்குவோர் இந்த எண்களையாவது அறிந்திருக்கலாம்.

ஒப்புதலைப் பற்றி ஒரு சொல். நம் குடும்பங்களில் அண்ணனுக்குப் பதில் அக்காள் கையெழுத்திடுவது சர்வசாதாரணம். ஆய்வில் அது செல்லாது. நோய் இருப்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிடுவதில்லை. விளக்கத்தாள் அவருக்குப் புரியும் தமிழில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட வேண்டும். வேண்டாம் என்றால் சிகிச்சையில் எதுவும் குறையாது என்பதை இருமுறை சொல்ல வேண்டும். மலேசிய அரசு மருத்துவமனையில் என்றால் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் உண்டு. மருந்தை நிறுத்திப் பார்க்கும் ஆய்வு எதையும் நான் முன்மொழியவில்லை. மாணவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

தொடங்க விரும்புவோர்க்கு முதல் வேலை சிறியது: நினைவுச் சோதனைக்கான பதினைந்து சொற்கள். தோட்டத்தில் வளர்ந்த எழுபது வயதுப் பாட்டியும், அடுக்குமாடியில் வளர்ந்த இருபது வயதுப் பேத்தியும் ஒரே வேகத்தில் அறியும் தமிழ்ச்சொற்கள். இரண்டு அல்லது மூன்று அசைக்கு மேல் போகக்கூடாது. ஒன்றுக்கொன்று எதுகை மோனையாக அமையக்கூடாது, அமைந்தால் நினைவுக்கு அதுவே கயிறாகிவிடும். தேங்காய் சரி. ஏணி சரி. உரல்? பேத்திக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.